பேருந்து கண்ணில் படும் இடம்

கதவு சாத்துகிற சத்தத்தை வைத்தே எந்த வீட்டில் யாருக்கும் யாருக்கும் ஆகவில்லை என்று நான் சொல்லிவிடுவேன். மாமியாரோடு மனத்தாங்கல் என்றால் கதவு பூப்போலச் சாத்தப்படும். தாழ்ப்பாள் மட்டும் ஓங்கி விழும். புருஷனோடு என்றால் நேரெதிர். இதை என் குறை என்று சிலர் சொல்வார்கள். என் உத்தியோகத்துக்கு இது தகுதி, மேடம். பேருந்துத் தடம் போடுகிறவனுக்கு யார் எப்போது எழுகிறார்கள், எங்கே போகிறார்கள், யார் கடைசி நிமிடத்தில் செருப்பைத் தேடுகிறார்கள் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். மற்ற அதிகாரிகள் அதற்கு ஆள் வைத்துக் கணக்கெடுப்பார்கள். நான் வாசலில் பல் தேய்த்துக்கொண்டு நிற்பேன். போதும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்க வந்தது படிக்கட்டைப் பற்றி. அரசுப் பணத்தில் கட்டிய நடைமேம்பாலம் எங்கள் குடியிருப்பில் இறங்காமல், பக்கத்திலேயே மதில் போட்ட கார் நிறுத்துமிடத்துக்குள் ஏன் இறங்குகிறது என்பது உங்கள் கேள்வி. நியாயமான கேள்வி. எங்கள் மொட்டை மாடியிலிருந்து பாலம் அழகாகத் தெரியும், ஏறத்தான் முடியாது. ஆனால் பாலம் இறங்கிய கதையைச் சொல்ல வேண்டுமானால் பாலம் வந்த கதையைச் சொல்லியாக வேண்டும். கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். வளவளவென்று பேசுகிறவன் என்று எனக்குப் பெயர் உண்டு.

எங்களுக்கு எதிரே ஒரு பூங்கா இருக்கிறது. பூங்கா என்றால் புல்லும் பெஞ்சும் போட்ட பூங்கா இல்லை. ராட்டினங்கள், தண்ணீர்ச் சறுக்குகள், பொம்மைக் கோட்டை, வரிசையாகத் தங்கும் விடுதிகள். சுற்றி வந்தால் ஒரு சிற்றூர். அதன் முன்வாசலுக்கு எதிரே பெருஞ்சாலை. சாலைக்கு இந்தப் பக்கம் நாங்கள். கோட்டையில் ராஜாவாக நிற்பவர் எங்கள் தெருக்காரர்தான். வீட்டில் மனைவிக்குப் பயந்து மாடிப்படியில் உட்கார்ந்து பீடி குடிப்பார். துணி துவைப்பவர்கள், சமைப்பவர்கள், சறுக்கில் பாசி சுரண்டுபவர்கள் எல்லாரும் இங்கேதான். இவர்கள் யாரும் முன்வாசல் வழியாக நுழையக் கூடாது. பணியாளர் வாசல் பூங்காவின் பின்புறம், நடந்து போகிற தொலைவில் இல்லை. ஆகவே சாலையைக் கடந்து அந்தப் பக்கம் போய், பூங்காவைச் சுற்றிக்கொண்டு போகிற பணியாளர் பேருந்தைப் பிடிக்க வேண்டும். அதைத் தவறவிட்டால் பின்வாசல் மூடிவிடும். அன்றைய சம்பளம் இல்லை.

சாலையின் நடுவே இரும்புத் தடுப்பு. அதில் ஓரிடத்தில் இரண்டு கம்பிகளை யாரோ வளைத்து விட்டிருந்தார்கள். யார் என்று எனக்குத் தெரியும், அது இப்போது வேண்டாம். முறைப்படி கடப்பதென்றால் வெகுதூரம் நடந்து, முழங்கால் தண்ணீர் நிற்கிற சுரங்கப்பாதை வழியாகத் திரும்ப வேண்டும். யார் போவார்கள்? எல்லாரும் அந்தச் சந்தில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு கடந்தார்கள். சிலர் கடக்கவில்லை.

பணியாளர் பேருந்து, ரயில் நிலையத்திலிருந்து விருந்தினர்களைக் கூட்டி வருகிற பேருந்து, இரண்டும் எங்கள் போக்குவரத்துக் கழகத்தின் ஒரே திட்டம். பாதிச் செலவு பூங்கா நிறுவனத்துடையது. பாதிப் பணம் போடுகிறவனுக்கு முழு வாய் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த நிறுவனத்தின் மேலாளர் எப்போதும் சிரித்த முகம். இரங்கல் கூட்டத்திலும் அந்தச் சிரிப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் தவித்தவர். குடியிருப்புப் பக்கமே ஒரு நிறுத்தம் வேண்டும், பேருந்து ஒரு சுற்று சுற்றி வந்தால் போதும் என்று அவரிடம் கேட்டேன்.

"சார், எங்க விருந்தினருங்க வீட்டுக் கவலைய மறக்கத்தான் வர்றாங்க. வர்ற வழியில பஸ்ஸு திரும்பி உங்க தெருவுல நின்னு, அங்க கொடியில காயற பாவாடையப் பாத்தாங்கன்னா, மறந்ததெல்லாம் ஞாபகம் வந்துடும் பாருங்க" என்றார்.

"பணியாளர் பஸ் மட்டும் வரட்டுமே."

"ரெண்டும் ஒரே பஸ்தானே சார், ஸ்டிக்கர்தான வேற?"

அது உண்மை. எனவே பாலம் கேட்டேன். கழகம் நெடுஞ்சாலைத் துறையைக் காட்டியது. நெடுஞ்சாலைத் துறை பூங்காவைக் காட்டியது. பூங்கா சிரித்தது.

எங்கள் நிதிப் பிரிவில் ஓர் அதிகாரி இருந்தார். எந்தக் கோப்பை நீட்டினாலும் "ஒண்ணு குறையுது" என்பார். கையெழுத்து ஒன்று, நகல் ஒன்று, முத்திரை ஒன்று, ஏதோ ஒன்று குறையும். அவர் பெயரே எங்களுக்குள் 'ஒண்ணு குறையுது'. அவர்தான் வழி சொன்னார்.

"சாலைப் பாதுகாப்பு நிதின்னு ஒண்ணு கிடக்கு சார். கேக்க ஆளில்லாம கிடக்கு. ஆனா அந்த இடம் கரும்புள்ளியா இருக்கணும்."

கரும்புள்ளி என்பது எங்கள் பாஷை. ஓர் இடத்தில், விதியில் சொன்ன ஆண்டுகளுக்குள், விதியில் சொன்ன எண்ணிக்கையில் ஆட்கள் செத்திருந்தால் அது கரும்புள்ளி. பாலமோ விளக்கோ கேள்வி கேட்காமல் கிடைக்கும். எண்ணிக்கை வராவிட்டால் அது வெறும் சாலை. அவர் கணினியில் தேடினார். உதடு பிதுங்கியது.

"அடடா."

"என்ன சார்?"

"ஒண்ணு குறையுது."

பழக்க தோஷத்தில் சொல்லிவிட்டார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் இன்னும் மெதுவாக, "அதுலயும் பழசு ஒண்ணு சீக்கிரமே காலாவதி ஆகுது சார். அப்புறம் ரெண்டு குறையும். டீ சொல்லட்டுமா?" என்றார்.

சாவுக்கும் காலாவதி உண்டு என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. டீ குடித்துவிட்டு வந்தேன்.

நான் எப்படி யோசித்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சந்தில் இன்னும் ஒருவர் சாகத்தான் போகிறார். இதில் சந்தேகமே இல்லை. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அந்தச் சாவு காலாவதிக்கு முன்னால் நடந்தால் பாலம் வரும், அதற்குப் பின் ஒருவரும் சாக மாட்டார்கள். பின்னால் நடந்தால் அது வீண் சாவு. அடுத்ததும் வீண். அதற்கடுத்ததும். ஆக, நான் உலகத்தில் ஒரு சாவையும் கூட்டவில்லை. நடக்கப் போவதைக் கொஞ்சம் முன்னால் தள்ளி வைப்பதுதான் கேள்வி. கால அட்டவணை போடுகிறவன் வேலையே அதுதானே.

என் கையில் இருந்த அதிகாரம் ரொம்பச் சின்னது. நிறுத்தக் கம்பம் எங்கே நிற்க வேண்டும் என்பது மட்டும். கம்பம் அப்போது பூங்காவின் பெரிய விளம்பரப் பலகைக்குப் பின்னால் இருந்தது. குடியிருப்புப் பக்கம் நிற்கிறவர்களுக்குப் பேருந்து வந்ததா போனதா என்று தெரியாது. அதனால் இரண்டு பக்கமும் பார்த்து நிதானமாகக் கடப்பார்கள். பேருந்து போயிருந்தால் போயிருக்கும். எங்கள் தொழிலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயம் உண்டு. கண்ணில் படாத பேருந்துக்காக யாரும் ஓடுவதில்லை. வந்து நிற்பது கண்ணில் பட்டுவிட்டால், காலுக்கு மூளையிடம் அனுமதி தேவையில்லை.

கம்பத்தைப் பலகைக்கு வெளியே, அந்தச் சந்துக்கு நேராகக் கொண்டுவந்து நட்டேன். கழகத்தில் பாராட்டினார்கள். பயணிகள் வசதி என்று எழுதினார்கள். ஓட்டுநரிடம் மட்டும் தனியாகச் சொன்னேன்: "யாருக்காகவும் நிக்காதீங்க. ஒருத்தருக்கு நின்னா நாளைக்கு ஊரே நிக்கச் சொல்லும்." அவர் நல்ல மனிதர். கேட்டுக்கொண்டார்.

இந்த இடத்தில் என் மனைவியின் தங்கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்து வீடு. பூங்காவில் அவள்தான் முயல். ஆளுயர முயல் உடுப்புக்குள் நின்று வருகிற பிள்ளைகளுக்கெல்லாம் கை ஆட்டுவது அவள் வேலை. தெருவிலும் அவளுக்கு முயல் என்றே பெயர். பள்ளிக்கூடம் போகிற மகள் ஒருத்தி. புருஷன் பற்பசை வாங்கிவிட்டு வருகிறேன் என்று போனவர், இன்னும் வாங்கிக்கொண்டிருக்கிறார். அவளுக்கு அதைப் பற்றிக் கவலை இல்லாதது மாதிரிதான் இருக்கும். எப்போதும் சிரிப்பு, கேலி. எனக்கு 'ரேடியோ' என்று பெயர் வைத்தவள் அவள்தான். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெருக்கூட்டத்தில் ஒரு முறை நான் எழுந்து, பாலம் கண்டிப்பாக வரும், என் பொறுப்பு என்றேன். அவள் கடைசி வரிசையிலிருந்து எழுந்தாள்.

"நான் தினமும் மாமா சொல்ற பாலத்துலதான் நடந்து வேலைக்குப் போறேன். காத்தோட்டமா இருக்கு. கைப்பிடி மட்டும் வச்சுக் குடுத்தீங்கன்னா நல்லாயிருக்கும் மாமா."

கூட்டம் முழுக்கச் சிரித்தது. கோட்டை ராஜா பீடிப் புகையில் புரையேறி இருமினார். நானும் சிரித்தேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் சிரித்தேன் என்று பிறகு என் மனைவி சொன்னாள். மறுநாள் காலையில் பால்காரர்கூட, "என்ன சார், பாலத்துக்கு கைப்பிடி வச்சாச்சா?" என்று கேட்டுவிட்டுப் போனார். தெரு என்றால் அப்படித்தான். கேலியை நான் ரசிக்கிறவன்.

கம்பம் மாறிய பிறகு அவளே வந்து சொன்னாள்.

"மாமா, இது யாரு வேலை? உங்க வேலைதானே? முன்னாடி பஸ்ஸு தெரியாது, லேட்டானா நிம்மதியா லேட்டாப் போவேன். இப்ப தெரியுது. தெரியறதால ஓட வேண்டியிருக்கு. நேத்து ஒரு லாரிக்காரன் என் பரம்பரையவே திட்டிட்டுப் போனான்."

"பாத்துப் போம்மா" என்றேன். நான் எச்சரிக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

நான் யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனால் தெருவை அறிந்தவன் என்ற முறையில், யார் எப்படிக் கடக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாமல் இருக்காது. சமையற்காரர்கள் விடியலிலேயே, சாலை வெறிச்சோடிக் கிடக்கும்போது போய்விடுவார்கள். துவைக்கிற பெண்கள் கும்பலாகக் கை கோத்துக் கடப்பார்கள்; லாரியே அவர்களுக்குப் பயப்படும். ராஜா ராஜாதான், நிதானமாக நடப்பார். தனியாக, கடைசியாக, ஓடிக் கடப்பது அவள் ஒருத்திதான். பிள்ளைக்குப் பின்னல் போட வேண்டும், அந்தப் பின்னல் ஒரு நாளும் நேராக வராது, பிரித்து மறுபடி போடுவாள். இதெல்லாம் வாசலில் நின்றால் தெரிகிற விஷயம்தான்.

காலம் ஓடிக்கொண்டிருந்தது. ஒண்ணு குறையுது சார் என்னைத் தாழ்வாரத்தில் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். காலாவதிக்குக் கடைசி வாரமும் வந்தது. அது முடிந்தால் பழைய சாவு கணக்கிலிருந்து விழுந்துவிடும். அப்புறம் இத்தனை காலம் அங்கே செத்தவர்களுக்கு என்ன மரியாதை? இதை யாராவது யோசித்தார்களா?

அந்த வாரம் பார்த்து அவள் சீக்கிரம் கிளம்ப ஆரம்பித்தாள். மகளுக்கு முடியைக் கத்தரித்து விட்டுவிட்டாளாம். பின்னல் வேலை இல்லை. அன்று காலையும் நேரத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். கையில் சோற்று டப்பா, தோளில் பை. சாலை அப்போது காலியாகத்தான் இருந்தது. பேருந்து இன்னும் வரவில்லை. நடந்தே கடந்திருக்கலாம்.

"ஒரு விஷயம் தெரியுமா?" என்றேன்.

"போயிட்டு வந்துடறேன் மாமா, சாயங்காலம் ஒலிபரப்புங்க."

"உன் வீட்டுக்காரரப் பாத்தேன்."

அவள் நின்றாள். அவள் முகத்தில் கேலி இல்லாமல் நான் பார்த்தது அன்றுதான். முதலில் எனக்கு அது அவள் முகம் மாதிரியே இல்லை.

"எங்க?"

"ஸ்டேஷன்ல. நேத்து. டிக்கெட் கவுன்ட்டர்கிட்ட. இளைச்சுட்டாரு."

"அவர்தானா? நல்லாப் பாத்தீங்களா?"

"என்னைத் தெரியாதா அவருக்கு? அவரே வந்து பேசினாரு. பொண்ணு எந்த கிளாஸ் படிக்குதுன்னு கேட்டாரு."

நான் வதந்தி பேசுகிறவன் என்று சொல்வார்கள், மேடம். ஆனால் பொய் பேசியதில்லை. கேட்டது, பார்த்தது, நிச்சயமாகத் தெரிந்தது மட்டுமே என் வாயிலிருந்து வரும். அந்தக் கறாரை வைத்துத்தான் தெருவில் என் பேச்சுக்கு மதிப்பு. அவளும் அதை நம்பினாள். என்ன சட்டை போட்டிருந்தார், குரல் எப்படி இருந்தது, எங்கே தங்கியிருக்கிறாராம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பொய் சொல்வது அவ்வளவு சுலபம் என்று எனக்கு முன்னால் தெரிந்திருக்கவில்லை; சாலையைப் பார்த்துக்கொண்டே சொல்ல முடிந்தது. பேருந்து பலகையைத் தாண்டி வந்து கம்பத்தில் நின்றதும், "ஐயோ, பஸ்ஸு வந்துடுச்சு பாரு" என்று அவளுக்குக் காட்டியதும் நான்தான்.

அவள் சிரித்துக்கொண்டே ஓடினாள். இதை நான் என் மனத்துக்குள் பலமுறை பார்த்துவிட்டேன். சந்தில் நுழையும்போது ஒரு முறை திரும்பி, "சாயங்காலம் மிச்சத்தச் சொல்லுங்க மாமா" என்றாள். எத்தனை பேருக்கு அப்படி ஒரு கடைசி நிமிடம் வாய்க்கும்? துவைக்கிற பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். நான் போகவில்லை. எனக்கு ரத்தம் ஆகாது.

மற்றதெல்லாம் கோப்பில் இருக்கிறது. இடம் கரும்புள்ளியானது. நிதி வந்தது. பாலம் இந்தப் பக்கம் இறங்க நிலம் வேண்டும். அரசு நிலம் இல்லை. சிரிப்பு மேலாளர் தானாக முன்வந்து, தங்கள் காலி மனையில் இறக்கிக்கொள்ளுங்கள் என்றார். இறந்தவளுக்காகப் பூங்கா செய்யும் மரியாதை என்றார். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது எனக்குத் தெரியாமல் இல்லை. ஒத்துக்கொள்ளாவிட்டால் நிதி திரும்பிப் போகும். ஒத்துக்கொண்டேன். பாலம் எழும்பிய பிறகு மனை கார் நிறுத்துமிடம் ஆனது, மதில் எழும்பியது, வாசலில் காவலாளி வந்தார். விருந்தினர்கள் காரை விட்டுவிட்டுப் பாலத்தில் போகிறார்கள். எங்கள் ஆட்கள் இன்னும் அந்தச் சந்தில்தான் போகிறார்கள். உங்கள் கேள்விக்குப் பதில் இவ்வளவுதான்.

மதிலில் ஒரு வழி திறந்து, குடியிருப்புப் பக்கம் படிக்கட்டு ஒன்று இறக்க வேண்டும் என்று நானே மனுப் போட்டேன். ஒண்ணு குறையுது சார் தேடிப் பார்த்தார். பாலம் வந்துவிட்டதால் அந்த இடம் குணமான இடமாம். பழைய சாவுகள் எல்லாம் தீர்ந்த கணக்கு. இனி புதிதாக முதலிலிருந்து எண்ண வேண்டுமாம். இந்த முறை அவர் டீ சொல்லட்டுமா என்று கேட்கவில்லை. விருப்ப ஓய்வு கேட்டிருக்கிறார் என்று கேள்வி.

தங்கை மகள் இப்போது எங்கள் வீட்டில். அன்று காலை அவள் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டிருக்கிறாள். என் மனைவி இல்லாத நேரம் பார்த்து வந்து, "பெரியப்பா, அப்பா எந்த ரயில்ல வருவாங்க?" என்று கேட்கிறாள். வருவார் என்கிறேன். குழந்தையிடம் வேறென்ன சொல்ல?

என் மனைவி ஒரே ஒரு முறை கேட்டாள். "அவ அன்னிக்கு நேரத்தோட கிளம்பிட்டாளே. அப்புறம் எப்படி ஓடினா?" எனக்குத் தெரியவில்லை என்றேன். அதன் பிறகு எங்கள் வீட்டுக் கதவு எந்தச் சத்தமும் இல்லாமல் சாத்தப்படுகிறது. அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

முயல் வேலையை என் மனைவிக்கே கொடுத்துவிட்டார்கள். அக்கா தங்கை இருவரும் ஒரே உயரம். உடுப்பைத் திருத்தவே வேண்டியிருக்கவில்லை. பிள்ளையை வளர்க்க வேண்டும் என்று போகிறாள். அவளும் அந்தச் சந்தைத்தான் கடக்கிறாள். படிக்கட்டு வந்துவிட்டால் அவளுக்கு நல்லது. அவளுக்காகத்தான் அதை இவ்வளவு பாடுபட்டுக் கேட்கிறேன் என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

நேற்றுக் காலை அவள் நேரத்தோடு கிளம்பிப் படியிறங்கினாள். சாலை காலியாக இருந்தது. "கொஞ்சம் நில்லு, ஒரு விஷயம் தெரியுமா" என்று கூப்பிட்டேன். சும்மாதான் கூப்பிட்டேன், மேடம். சொல்வதற்கு என்னிடம் ஒரு விஷயமும் இருக்கவில்லை.